வீட்டுக்காரரோடு வெளியூர் – 3: இந்த ஊருக்கு என்ன வெள்ளாமை?

புது ஊருக்குப் போனால் முதலில் கோயிலைத் தேடுகிறவர்கள் உண்டு, கடைத்தெருவைத் தேடுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் வெள்ளாமையைத் தேடுவார். பஸ் ஒட்டன்சத்திரம் வந்தால் "தக்காளி ஊரு" என்பார், காங்கேயம் வந்தால் "கொப்பரை ஊரு". பெரிய பெரிய வீடுகளாக நிற்கும் ஊரில் என்ன விளைகிறது என்று பிடிபடாவிட்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. யாரையாவது நிறுத்தி, "இத்தனை கட்டடம் நிக்குதே, இந்த ஊருக்கு என்னங்க வெள்ளாமை?" என்று கேட்டுவிடுவார். கோலாலம்பூரிலும் கேட்டார். ஒரு இடத்தில் அல்ல, போன இடத்திலெல்லாம்.

இந்த வாரம்தான் தொடருக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குக் கீரனூர். புதுக்கோட்டைக் கீரனூர் அல்ல; பழநிக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர். எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவைப் படித்தவர்களுக்கு ஊர்ப் பெயர் பழக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரருக்குத் தென்னந்தோப்பு. மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்து, "ரெண்டு பேரும் ஒரு தடவையாவது கடல் தாண்டிட்டு வாங்க" என்றதால் கிளம்பினோம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்குச் சுற்றுலா போக விசா எடுக்க வேண்டியதில்லை. திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். சென்ற வாரம் உங்களை விமானத்துக்குள் விட்டுவிட்டு வந்தேன், இப்போது இறங்கலாம்.

விமானம் தாழும்போது ஜன்னலோரம் அவர்தான். கீழே பச்சை, வரி வரியாக, அளவெடுத்து வைத்த மாதிரி மரங்கள். "ஏம்புள்ள, தென்னைடி! கண்ணுக்கு எட்டின மட்டும் தென்னை!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மட்டை தென்னை மாதிரிதான் இருந்தது. ஆனால் மரம் கட்டையாக, தலை கனத்துத் தெரிந்தது.

வெளியே வந்து வாடகைக் கார் பிடித்தோம். ஓட்டுநர் தமிழர், எங்களைவிடப் பத்து வயது இளையவர் இருப்பார். உட்கார்ந்ததும், "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்றுதான் ஆரம்பித்தார். வீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் தென்னையைப் பற்றிக் கேட்டார்.

"அது தென்னை இல்லண்ணே. செம்பனை. பாமாயில் எடுக்கிற மரம்."

காருக்குள் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. காரணம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறதே பாமாயில் பாக்கெட், அதன்மேல் எங்கள் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கு நெடுநாள் கோபம். ரேஷனில் அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று பொள்ளாச்சியிலிருந்து பழநி வரை மனு கொடுக்காத ஆள் இல்லை. தேங்காய் விலை விழும்போதெல்லாம், வெள்ளை ஈ வந்து மட்டை கறுக்கும்போதெல்லாம், "எல்லாம் அந்த மலேசியாக்காரன் எண்ணெயால வந்த வினை" என்று இவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மலேசியாவின் நடுவில்தான் இப்போது கார் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தக் காயைப் பாக்கணுமே" என்றார்.

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே நெடுஞ்சாலையை விட்டு டெங்கில் பக்கம் பழைய ரோட்டில் திருப்பினார். ஒரு சாப்பாட்டுக் கடையோரம் குலை ஏற்றிய லாரி நின்றிருந்தது. ஒவ்வொரு குலையும் ஒரு ஆள் கட்டித் தூக்குகிற கனம். முள்ளும் பழமுமாகக் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. கீழே உதிர்ந்திருந்த பழத்தை ஒன்று எடுத்தார். பெரிய நெல்லிக்காய் அளவு. நகத்தால் கீறினார். மஞ்சளும் சிவப்பும் கலந்த எண்ணெய் விரலில் வழிந்தது. ஆட்டவில்லை, காய வைக்கவில்லை, நகம் பட்டாலே எண்ணெய். இன்னும் அழுத்தினார், உள்ளே கொட்டை. "அதுக்குள்ள பருப்பு இருக்குண்ணே, அதுல வேற எண்ணெய் எடுப்பாங்க" என்றார் ஓட்டுநர். குலையை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டுமாம். இல்லையென்றால் எண்ணெய் கெட்டுவிடும். வீட்டுக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தக் கறைக்கு எந்தச் சோப்பும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

"எக்கருக்கு எவ்வளவு எண்ணெய் நிக்கும்?" இது அடுத்த கேள்வி. கணக்கு ஓட்டுநருக்குத் தெரியவில்லை. நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஒரு ஹெக்டேர் செம்பனையில் வருஷத்துக்கு மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் கிடைக்கிறது. கடலையிலோ தேங்காயிலோ நம்மவர்கள் சாதாரணமாக எடுப்பது அதில் பாதிகூட வராது. மலை மாதிரி நிற்கும் இந்த வித்தியாசத்தால்தான் அது மலிவு. மலேசியாவில் செம்பனை நிற்கும் நிலம் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்தால் உலகத்துப் பாமாயிலில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வந்துவிடும். அதை உலகத்திலேயே அதிகமாக வாங்கிச் சாப்பிடுகிற நாடு நம்முடையது.

இதை வியாபாரப் பயிராக மலாயாவில் முதலில் வைத்தது 1917-ல், சிலாங்கூரில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னால் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930-ல் பிரான்சின் பெரிய பரிசான கோன்கூரை வாங்கியவரும் இவரே. அந்த முதல் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம் எஸ்டேட். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு, நடுவில் அழுகை இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாத சிரிப்பு.

கார் மறுபடி நெடுஞ்சாலைக்கு ஏறியது. புத்ராஜெயா என்று பலகை காட்டியது. 1999-லிருந்து அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் நகரம். அதற்கு முன்னால் அது ரப்பர், செம்பனைத் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921-ல் போட்ட பிராங் பெசார் எஸ்டேட்டும் அதற்குள்தான் போயிற்று. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். "நான் பொறந்த தோட்டமும் இப்ப இல்லங்க அக்கா. தாமான் வந்திருச்சு" என்றார் ஓட்டுநர். தாமான் என்றால் அங்கே குடியிருப்பு மனை. இப்போது மீதித் தோட்டங்களில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். "இந்தோனேசியாக்காரங்க, பங்களாதேஷ்காரங்க. நம்மாளு ரொம்பக் கம்மி." எங்கள் தோப்பில் மட்டை இழுப்பதும் தேங்காய் உரிப்பதும் இப்போது வடக்கத்திப் பையன்கள்தான் என்று இவர் பதிலுக்குச் சொல்ல, இரண்டு பேரும் முன்சீட்டில் சம்பந்திகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஊருக்குள் நுழைந்தோம். முதல் நாள் எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. மேலே ஒரு ரயில், அதற்கும் மேலே இன்னொரு பாலம், கீழே கார்கள், நடுவில் மோட்டார் சைக்கிள்கள், நாலு மணிக்கு அடித்துப் பெய்யும் மழை. கெலானா ஜெயா பாதை ரயிலில் ஓட்டுநரே கிடையாது. முன் கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டு, "ஆளில்லாம ஓடுதுடி" என்று வீட்டுக்காரர் உரக்கச் சொல்ல, ஸ்கூல் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

'என்ன வெள்ளாமை' என்ற கேள்விக்கு முதல் பதில் மஸ்ஜித் ஜாமெக் பக்கத்தில் கிடைத்தது. 1909-ல் கட்டிய பள்ளிவாசல். சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரிகள், தென்னைகளுக்கு நடுவே. அதன் மூக்கடியில் கோம்பாக், கிள்ளான் என்று இரண்டு ஆறுகள் கலக்கின்றன. 1857-ல் வெள்ளீயம் தேடி வந்த 87 சீனத் தொழிலாளர்கள் படகை விட்டு இறங்கிய இடம் இதுதான். காட்டுக்குள் அம்பாங் போனார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் பெரும்பாலோர் செத்து, மிஞ்சியது 18 பேர். ஆனாலும் ஈயம் கிடைத்தது. ஊர் எழுந்தது. 1881-ல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்பு என்கிற ஓலைக் கூரை வீடுகளை அழித்த பிறகு, செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. செங்கல் சூளை போட்ட இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பிற்பாடு ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாகி, இன்று 'லிட்டில் இந்தியா' என்று அலங்கார வளைவோடு நிற்பதும் அந்தச் சூளை மேடுதான்.

"அப்ப முதல் வெள்ளாமை ஈயம்" என்று விரலை மடக்கினார்.

இரண்டாவது விரலுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பதில் இருந்தது. மாலை கட்டுகிற கடைகள், புடவைக் கடைகள், மிக்சர் வாசம், மளிகைக் கடை வாசலில் சின்ன வெங்காய மூட்டை. வெங்காயத்தைக் கண்டதும் குனிந்து இரண்டைக் கையில் எடுத்து, தோலைத் தேய்த்துப் பார்த்து, "நம்ம பக்கத்துச் சரக்குதான்" என்று கடைக்காரருக்கே சான்றிதழ் கொடுத்தார். அந்தத் தெருவின் பெயர் துன் சம்பந்தன் சாலை. யார் அவர் என்று கடைக்காரரைக் கேட்டோம். "எஸ்டேட்டு வாங்கிக் கொடுத்தவருங்க" என்று ஒரே வரியில் சொன்னார்.

அந்த ஒரு வரிக்குள் நூறு வருஷம் இருக்கிறது. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 ரப்பர்க் கன்றுகள். மோட்டார் கார் வந்ததும் டயருக்கு ரப்பர் தேவைப்பட, மலாயாக் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. அதுதான் இரண்டாவது வெள்ளாமை. பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் போனது. ஒப்பந்தக் கூலி முறையை 1910-ல் நிறுத்தினார்கள். கங்காணி முறை தொடர்ந்தது. தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்கு வந்து, மழை பொய்த்த வருஷமாகப் பார்த்து, உறவுக்காரனையும் ஊர்க்காரனையும் சேர்த்துக்கொண்டு போவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து அதிகம் பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். 1938-ல் இந்திய அரசு இதற்குத் தடை போட்டது. அதற்குள் அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

1957-ல் மலாயா விடுதலை அடைந்ததையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். லயம் கம்பெனியுடையது, ஆகவே வேலை போன அன்றே வீடும் போயிற்று. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி; வெள்ளி என்பது அங்கத்துப் பணம். மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். நாள் கூலிக்குப் பால் வெட்டியவர்களிடம் அவரும் மனைவி உமா சம்பந்தனும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். அடுத்த வருஷமே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு இன்னும் பல. சங்கம் இன்றும் இருக்கிறது. அதன் தலைமையகத்துக்கும் அவர் பெயர்தான்.

இரவு அறையில் நான் இதை வாசித்துச் சொல்ல, வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாசம் பத்து வெள்ளி கட்டி எஸ்டேட்டையே வாங்கினாங்களா?"

"ஆமாங்க."

"நம்மூர்ல பத்துத் தோப்புக்காரங்க சேந்து ஒரு கொப்பரைக் களம் போட முடியல. மொத கூட்டத்துலயே யாரு தலைவர்னு சண்ட."

சண்டையில் இவரும் இருந்தார் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

மூன்றாவது விரல் செம்பனை. அது ஏற்கெனவே வேட்டியில் இருந்தது. செயற்கை ரப்பர் வந்து விலை ஆடத் தொடங்கியதும், 1960-களிலிருந்து அரசாங்கம் செம்பனைக்கு மாறச் சொல்லி ஊக்கம் கொடுத்தது. நிலமில்லாத குடும்பங்களைக் குடியேற்றித் தோட்டம் பிரித்துக் கொடுத்த ஃபெல்டா திட்டம் இன்னொரு பக்கம். அதில் நிலம் பெற்றவர்கள் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள். எஸ்டேட்டில் இருந்த தமிழர்களுக்குப் பயிர்தான் மாறியது, கூலி கூலியாகவே இருந்தது.

நான்காவது விரலை மடக்கியது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தடியில். 452 மீட்டர், 88 மாடி. 1998-லிருந்து 2004 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம். இப்போது அதே ஊரில் மெர்டேகா 118 என்று 678.9 மீட்டரில் இன்னொன்று நிற்கிறது. கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இதுக்கு வெள்ளாமை கடலுக்கு அடியிலங்க" என்றேன். பெட்ரோனாஸ் 1974-ல் தொடங்கிய அரசாங்க எண்ணெய்க் கம்பெனி. கிணறுகள் தென்சீனக் கடலில். "அதான பாத்தேன். மண்ணுல வெளையறதுல இவ்வளவு ஒசரம் வராது" என்று முடித்துக்கொண்டார். அங்கே செல்ஃபி எடுத்துத் தள்ளிய கூட்டத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்.

பழநிக்காரர்கள் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகாமல் வந்தால் ஊரில் பதில் சொல்ல முடியாது. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் மலையடிவாரத்திலேயே இறக்கிவிடுகிறது. 2006 ஜனவரியில் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர், நம் கணக்கில் 140 அடி. செய்தவர் திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன். சேலம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் 146 அடியில் எழுந்த முத்துமலை முருகனும் அவர் கைவேலைதான். குகைக்குப் படி 272. 2018-ல் வண்ண வண்ணமாகச் சாயம் பூசிவிட்டார்கள். "நம்ம பழநியில 693" என்று கீழே பெருமையாகச் சொன்னவர், நூறாவது படியில் தண்ணீர் கேட்டார். பழநியில் வின்ச்சில் போய்ப் பழகிய கால். தேங்காய் மூடியோடு இறங்கி வந்த ஒரு பெண்ணிடமிருந்து குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்து சுரண்டித் தின்றது. அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் முகத்தில் ஒரு திருப்தி.

இந்தக் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளை, கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் 1873-ல் தொடங்கியவர். சிங்கப்பூரில் பிறந்தவர், அரசாங்கக் கருவூலத்தில் இருந்தவர். லோக் யூ என்ற சீனத் தொழிலதிபரோடு சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் வைத்திருந்தார். தண்ணீர் இறைக்கும் பம்புக்காக 1894-ல் மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் கொண்டுவந்தது அந்தச் சுரங்கம். என்ன சுரங்கம் என்று கேட்கிறீர்களா? ஈயம். இதைச் சொன்னதும் முதல் விரலை மறுபடி மடக்கினார்.

கடைசி நாள் இரவு ஒரு மாமாக் கடையில் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே அதுதான் பெயர். விடிய விடியத் திறந்திருக்கும். நாசி லெமாக் சொன்னோம். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, நெத்திலி, வறுத்த கடலை, சம்பல். முதல் வாய் வைத்ததுமே வீட்டுக்காரர் கல்லாவுக்குத் திரும்பினார்.

"ஏங்க, தேங்காய்ப் பாலா இது? இங்க தேங்கா என்ன வெல?"

கடைக்காரர் தே தாரிக் என்கிற தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து இழுத்துக்கொண்டே, "அத ஏன் அண்ணே கேக்கறீங்க. அடிக்கடி தட்டுப்பாடு. இந்தோனேசியாவுலருந்து வரணும்" என்றார். தென்னை நின்ற பூமியெல்லாம் செம்பனையாகி, சோற்றில் ஊற்றத் தேங்காயை வெளியில் வாங்குகிறார்கள்! நம் நாடு பாமாயிலை இறக்குமதி செய்கிறது, பாமாயில் நாடு தேங்காயை இறக்குமதி செய்கிறது. நடுவில் கப்பல்காரனும் தரகனும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒன்று விளங்கியது. திண்ணையில் உட்கார்ந்து இவர் திட்டிக்கொண்டிருந்த 'மலேசியாக்காரன்' என்ற ஆள் அங்கே இல்லை. குலை வெட்டியவனுக்கு அந்த மலிவு எண்ணெயால் எதுவும் மிஞ்சவில்லை. முன்பு வெட்டியவர்களில் பலருடைய பாட்டன் நம் பக்கத்து மண்ணிலிருந்து வெறுங்கையோடு போனவன். இவரிடம் சொன்னேன். "அது தெரியுது. ஆனா ரேசன்ல தேங்கா எண்ணெய் கேக்கறத நான் விடமாட்டேன்" என்றார். விட வேண்டாம். யாரிடம் கேட்பது என்பது மட்டும் இப்போது அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஊருக்குப் போனதும் அந்தக் கொப்பரைக் களம் கூட்டத்தை மறுபடி கூட்டப் போவதாக அவரே சொன்னார். தலைவர் யார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பினாங்குக்கு ரயில். தைப்பூசத்துக்கு அங்கே தேர் போகிற வீதியில் தேங்காயை மலை மலையாகக் குவித்து, தமிழரும் சீனருமாகச் சேர்ந்து நடுத்தெருவில் உடைப்பார்கள். ஆயிரக்கணக்கில். கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் தூங்கவில்லை. அத்தனை காயும் எந்தத் தோப்பிலிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது என்று தெரிந்தாக வேண்டுமாம்.

(தொடரும்)